பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கு எந்தப் பேட்டரி வண்டி?

பேட்டரியில் ஓடும் இருசக்கர வண்டி என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் பல வகைகள் இருக்கின்றன. மிதிக்கும்போது துணைக்கு வரும் மின்சார சைக்கிள், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சிறிய ஸ்கூட்டர், பதிவெண்ணோடு வரும் குடும்ப ஸ்கூட்டர், மூட்டை ஏற்றும் மொபெட், மோட்டார் சைக்கிள். விலை, சட்டம், உழைக்கும் ஆண்டுகள், யார் ஓட்டலாம் என்பது எல்லாமே வகைக்கு வகை மாறும். கடையில் முதலில் காட்டப்படுவது வேகமும், ‘ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்’ என்ற எண்ணும்தான். பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வண்டி வாங்குகிறவர் அவை இரண்டையும் கடைசியாகப் பார்த்தால் போதும். தினம் எவ்வளவு தூரம், என்ன சுமை, எந்த பிளக்கில் சார்ஜ், நடுவழியில் நின்றால் யார் வந்து பார்ப்பார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் வகை ஏறக்குறைய முடிவாகிவிடும்.

இந்த வட்டாரத்தின் தரை பேட்டரி வண்டிக்குத் தோதானது. மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934ஆம் ஆண்டையொட்டி வந்த கல்லணைக் கால்வாய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. அந்தத் தண்ணீர் போகும் வழியில் நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் கடலை நோக்கிச் சரிகிறது. மேடு என்றால் பாலத்து ஏற்றமும் ஆற்றுக்கரை ஏற்றமும்தான். ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ தேவைப்படும் இழுவிசை இங்கே தேவைப்படாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும் வசதியைச் சில கம்பெனிகள் பெரிதாகச் சொல்லும். தட்டையான ஊரில் அதனால் கிடைப்பது சொற்பம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

தூரங்களும் சிறியவை. பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினமும் மதுக்கூரும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை ஆகியவை 20 முதல் 25 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. தஞ்சாவூர் மட்டும் 50 கிலோமீட்டரை ஒட்டி வரும். சுற்றுக் கிராமத்திலிருந்து கடைவீதி, பள்ளிக்கூடம், கூட்டுறவு வங்கி, நெல் கொள்முதல் நிலையம் என்று போய்வருகிற பெரும்பாலோருக்கு ஒரு நாள் ஓட்டம் 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இந்த 30 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் எளிதாகும்.

சட்டம் போட்ட கோடு

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மூன்று நிபந்தனைகளுக்குள் அடங்கும் பேட்டரி வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கில் வராது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டக் கூடாது. பேட்டரியைக் கழித்து வண்டியின் எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், சாலை வரி கிடையாது. ஆனால் அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பு ஒன்று அந்த மாடலைச் சோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். மின்சார சைக்கிளுக்கும் 250 வாட் வரம்பு உண்டு. வேகம் 25ஐ எட்டும்போது மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும்.

இந்த வரம்பைத் தாண்டுவதெல்லாம் பெட்ரோல் வண்டிக்குச் சமம். உரிமம், பதிவு, காப்பீடு, தலைக்கவசம் எல்லாம் கட்டாயம். சொந்த உபயோக வண்டிக்குப் பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்தில் எண் வரும். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 5 ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்.

பிள்ளைகளுக்காக வண்டி பார்க்கும் பெற்றோர் இந்தக் கோட்டை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் இல்லாத சிறார் பதிவெண் உள்ள வண்டியை ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும். டியூஷனுக்குப் போய்வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டப்படி ஏற்றது சைக்கிளோ மெதுவேக ஸ்கூட்டரோதான்.

மெதுவேக வண்டியின் ‘வேகப் பூட்டை’ எடுத்துவிட்டு 40, 45இல் ஓடும்படி செய்து தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. அப்படிச் செய்த அடுத்த நிமிடமே அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. விபத்தில் எதிரே வந்தவருக்கு அடிபட்டால் இழப்பீடு முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும். தவிரவும் அந்த வண்டியின் பிரேக்கும் சட்டகமும் 25 கிலோமீட்டருக்காகச் செய்யப்பட்டவை.

சைக்கிளும் மெதுவேக ஸ்கூட்டரும்

மின்சார சைக்கிள் இந்தப் பக்கம் போதிய கவனம் பெறாத வகை. எடை 20 முதல் 25 கிலோ. பேட்டரி ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கொள்ளும். ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டரும், நன்றாக மிதித்தால் அதைவிடக் கணிசமாகக் கூடவும் ஓடும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய்ச் சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் சார்ஜ் போடலாம். சார்ஜ் தீர்ந்தாலும் மிதித்து வீடு வந்து சேரலாம் என்பது வேறெந்தப் பேட்டரி வண்டிக்கும் இல்லாத வசதி. ஊருக்குள்ளேயே வேலை பார்க்கிறவர், நான்கைந்து கிலோமீட்டரில் வயல் உள்ளவர், முழங்கால் வலியால் சைக்கிளை விட்டவர் ஆகியோருக்கு இதுவே போதும். சென்னை அம்பத்தூரில் பல பத்தாண்டுகளாக சைக்கிள் செய்துவரும் டிஐ சைக்கிள்ஸ் உட்படப் பல கம்பெனிகள் இவற்றை விற்கின்றன. விலை ஏறத்தாழ 25,000 ரூபாயிலிருந்து தொடங்கும்.

பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்தும் செட்டுகளும் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் சும்மா நிற்பதால் அந்த யோசனை எழுவது இயல்பு. செய்யலாம், ஆனால் முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும். கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோ கூடினால், மழையில் நனைந்த ரிம்மில் வண்டி நிற்காது. நல்ல பிரேக் மாற்றிய பிறகே மோட்டார் பொருத்த வேண்டும்.

மெதுவேக ஸ்கூட்டருக்கு நீண்ட கதை உண்டு. ஆம்பியர் நிறுவனம் 2008இல் கோயம்புத்தூரில் தொடங்கிய காலத்தில் பேட்டரி ஸ்கூட்டர் என்றாலே பெரும்பாலும் இந்த வகைதான். உள்ளே இருந்தது லெட் ஆசிட் பேட்டரி. அந்தப் பேட்டரி 300, 400 தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் வலுவிழந்துவிடும். தினம் சார்ஜ் போட்டால் அது ஏறத்தாழ ஓர் ஆண்டு. ‘பேட்டரி வண்டி ரெண்டு வருஷம்கூட வராது’ என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த வகைக்கு அது உண்மையும்கூட. லெட் ஆசிட் வண்டி இப்போதும் மலிவாக விற்கிறது. நான்கைந்து பேட்டரி சேர்ந்து 30, 40 கிலோ கனக்கும். சார்ஜ் இறங்க இறங்க இழுவையும் குறையும். பேட்டரி செட்டை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவைச் சேர்த்தால் அந்த மலிவு காணாமல் போகிறது. மெதுவேக ஸ்கூட்டர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் லித்தியம் பேட்டரி உள்ளதையே வாங்குவது நல்லது.

மெதுவேக வண்டிக்கு ஏற்ற இடம் ஊருக்குள்ளே இருக்கும் தெருக்களும் கிராமச் சாலையும். பேருந்தும் மணல் லாரியும் விரட்டிக்கொண்டு போகும் தஞ்சாவூர்ச் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோவது ஆபத்து.

குடும்ப ஸ்கூட்டர்: யூனிட் கணக்கு

பட்டுக்கோட்டையில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது பதிவெண் உள்ள ஸ்கூட்டர்தான். டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர், ஓலா, பஜாஜ் சேத்தக், ஹீரோ வீடா, ஆம்பியர் என்று பெயர்கள் நிறைய. இவற்றில் பல தமிழ்நாட்டிலேயே தயாராகின்றன. டிவிஎஸ்ஸும் ஏத்தரும் ஓசூரில், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில், ஆம்பியர் ராணிப்பேட்டையில். உதிரி பாகம் எங்கிருந்து வர வேண்டும் என்று யோசிக்கிறவருக்கு இது நல்ல செய்தி.

பேட்டரியின் அளவு கிலோவாட் மணியில் எழுதியிருக்கும். ஒரு கிலோவாட் மணி என்பது வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான். சாதாரண ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடும். இதை வைத்து எந்த விளம்பரத்தையும் எடைபோடலாம். 2.2 யூனிட் பேட்டரி என்றால் 65 கிலோமீட்டர், 3.5 யூனிட் என்றால் 100 கிலோமீட்டர். விளம்பரத்தில் வருவது சோதனைக்கூடத்தில் ஒரு குறிப்பிட்ட முறையில் ஓட்டி எடுத்த எண். அதில் மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சினால் நான்கில் மூன்று பங்குதான் சாலையில் கிடைக்கும்.

ஆடி மாதம் அதுவும் குறையும். தடுக்க மலையில்லாத வயல்வெளியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பேட்டரி வேகமாகத் தீரும். வேகத்தை 45க்குக் குறைத்தால் தூரம் கணிசமாகக் கூடும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதே காரணம். பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் குறையும், ஆனால் காற்று குறைக்கும் அளவுக்கு இல்லை.

நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒரு யூனிட் போதும். இரண்டு யூனிட்டைச் சற்றுத் தாண்டிய சிறிய பேட்டரியே அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சார்ஜ் போடும்படி இருக்கும். 4, 5 யூனிட் பேட்டரிக்குக் கொடுக்கும் கூடுதல் 30,000, 40,000 ரூபாய் பெரும்பாலும் பயன்படாமலே ஆண்டுகளோடு தேயும். பெரிய பேட்டரி யாருக்கு வேண்டும்? தினம் 60, 70 கிலோமீட்டர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கு, கிராமம் கிராமமாகப் போகும் செவிலியருக்கு, கடன் வசூலுக்குப் போகிறவருக்கு. எப்போதாவது தஞ்சாவூர் போக வேண்டும் என்பதற்காகப் பெரிய பேட்டரி வாங்குவதில் பொருளில்லை. போக வர 100 கிலோமீட்டருக்கு 3.5 யூனிட் பேட்டரியே மயிரிழையில்தான் தாங்கும்; அந்த நாளுக்கு பஸ் இருக்கிறது.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். பெல்ட், செயின் இல்லாததால் தேய்மானம் குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றுவது பஞ்சர் கடைக்காரருக்குப் பழக்கமில்லாத வேலை. வயரைப் பிரித்துத்தான் கழற்ற வேண்டும். டியூப்லெஸ் டயராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டலாம் என்பதால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்ற வண்டிகளில் மோட்டார் நடுவில் இருந்து பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ சக்கரத்தைச் சுற்றும். சாலையில் காய வைத்த நெல்லின் தூசியும் தென்னந்தோப்பு மணலும் படியும் இடங்களில் பெல்ட்டை அவ்வப்போது துடைத்துப் பார்க்க வேண்டும்.

மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு

டெல்டாவின் உண்மையான வேலைக்காரன் டிவிஎஸ் எக்ஸ்எல். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50இன் வழியில் வந்த வண்டி அது. தேங்காய் மூட்டை, நெல் மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன், மல்லிப்பட்டினத்திலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் விடிகாலையில் உள்ளூருக்கு வரும் மீன் பெட்டி என எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். இந்த வேலைக்குக் குடும்ப ஸ்கூட்டர் ஒத்துவராது. கால் வைக்கும் பலகையில் ஒரு மூட்டை வைக்கலாம், பின்சீட்டில் இரண்டாவது மூட்டையைக் கட்டினால் பிளாஸ்டிக் உடைகிறது.

மின்சாரத்தில் இந்த இடத்தைக் குறிவைத்து வந்த வண்டிகள் இன்னும் குறைவு. 2024 பிப்ரவரியில் கைனடிக் கிரீன் கொண்டுவந்த இ-லூனா அதில் முக்கியமானது. 2 யூனிட் பேட்டரி, சுமை தாங்கும் அளவு 150 கிலோ, வேகம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இந்த 150 கிலோவில் ஓட்டுகிறவரும் அடக்கம் என்பதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் இரண்டு மூட்டையோடு 145 கிலோ வந்துவிட்டது. மூன்றாவது மூட்டைக்கு இடமில்லை. பெட்ரோல் எக்ஸ்எல்லில் பழக்கத்தால் ஏற்றும் சுமையைப் பேட்டரி வண்டியில் ஏற்றினால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தொடர்ந்து அப்படி ஓட்டினால் எரிந்தும் போகும். அதன் விலை எக்ஸ்எல்லுக்குச் செய்யும் முழு எஞ்சின் வேலையையே மிஞ்சக்கூடும்.

மீன் வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது பேட்டரி இணைப்பின் செம்பு முனைகளில் பட்டால் சில மாதங்களில் பச்சைப் பூத்து, மின்தடை கூடி, அந்த இடம் சூடேறும். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தண்ணீரைக் குழாய் மூலம் சக்கரத்துக்குப் பின்னால் இறக்குவது சிறிய செலவு. உப்பளம் இருக்கும் அதிராம்பட்டினத்திலும் கடற்கரைக் கிராமங்களிலும் காற்றே உப்போடு வருவதால், சர்வீஸின்போது இணைப்பு முனைகளைத் துடைக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

நாள் முழுவதும் மூட்டை அடிக்கிறவருக்கு இன்றைய நிலையில் பெட்ரோல் எக்ஸ்எல்லே பொருத்தம். காலையில் இரண்டு பால் கேன், மாலையில் ஒரு மாட்டுத்தீவன மூட்டை என்ற அளவில் சுமப்பவருக்கு மின்சார மொபெட் நன்றாகவே உழைக்கும்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2019இல் வந்த ரிவோல்ட் ஆர்வி400, சென்னையில் உருவான ராப்டீ, ஓலாவின் ரோட்ஸ்டர் என்று தேர்வுகள் பெருகுகின்றன. விலை லட்சத்தை ஒட்டித் தொடங்கி இரண்டரை லட்சம் வரை போகிறது. ராப்டீயின் சிறப்பு, கார்களுக்கான வேக சார்ஜரிலேயே அதைச் சார்ஜ் செய்யலாம் என்பது. நெடுஞ்சாலையில் தினம் போய்வருகிறவருக்கு இவை ஏற்றவை. வட்டாரத்துக்குள் சுற்றுகிறவருக்கு ஸ்கூட்டரைவிட எந்தக் கூடுதல் பயனும் இல்லை.

பேட்டரி, தீ, தண்ணீர்

லித்தியம் பேட்டரியில் இரண்டு இனங்கள் புழக்கத்தில் உள்ளன. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி எடை குறைவு, இடமும் குறைவாக அடைக்கும். இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்எஃப்பி சற்றுக் கனம். ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், தடவைக் கணக்கிலும் பல மடங்கு நீடிக்கும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வண்டி நிறுத்தும் ஊருக்கு, கிடைத்தால் எல்எஃப்பியே மேல். எந்த இனமானாலும் ஓடிவந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் அரைமணி நேரம் நிழலில் ஆறவிட வேண்டும்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு இடங்களிலும் இப்படித் தீ விபத்துகள் நடந்தன. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர் தயாரிப்புத் தேதி 2023 ஏப்ரலுக்குப் பிந்தியதா என்று பார்க்க வேண்டிய காரணம் இதுதான். வீட்டுக்குள் ஒரே வாசலை மறித்து வண்டியை நிறுத்தி இரவில் சார்ஜ் போடுவதைத் தவிர்க்க வேண்டும். கூரை வீட்டின் தாழ்வாரமும் வைக்கோல் போருக்குப் பக்கமும் சார்ஜ் போடும் இடங்கள் அல்ல. கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜரை மாட்டவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊருக்குப் பேட்டரியின் நீர்காப்புத் தரம் முக்கியம். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்குமளவு சோதித்தது என்று அர்த்தம். அது பேட்டரிக்கும் பெரும்பாலும் மோட்டாருக்கும் மட்டுமே உள்ள தரம். ஸ்விட்ச், டிஸ்ப்ளே, சார்ஜிங் வாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து அல்ல. தேங்கிய தண்ணீரை மெதுவாகக் கடக்கலாம், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயால் அடிக்கவும் கூடாது.

கரன்ட் வரும் இடம்

3 யூனிட் பேட்டரி, வண்டியோடு தரும் 750 வாட் சார்ஜரில் நிரம்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். இதற்கு 15 ஆம்ப் பவர் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும். பல பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்கு மட்டுமே இருக்கும். வண்டி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, தனி வயரும் எம்சிபியும் போடுவது அவசியம். மாடி வீட்டிலோ, கடைக்கு மேல் வாடகையிலோ இருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி எடுத்துப்போகும் மாடலைப் பார்க்கலாம். ஆனால் கழற்றும் பேட்டரி 10 முதல் 20 கிலோ கனக்கும். தினம் மாடியேற்றுவது யார் என்பதை வீட்டில் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நாளுக்கு 30 கிலோமீட்டர் என்றால், வண்டி எடுக்காத விடுமுறை நாட்களைக் கழித்து, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 55 முதல் 60 யூனிட் கூடும். இப்போதைய வீட்டு மின்கட்டண முறையில் முதல் 100 யூனிட் இலவசம், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறும். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குள்ள குறைந்த கட்டணம் பறிபோய், அதனால் மட்டுமே பில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். ஏற்கெனவே 450க்கு மேல் ஓடும் வீடு இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரத்தில் வண்டி சார்ஜ் போடுவது விதிமீறல். மின்வாரியம் கண்டுபிடித்தால் அபராதம் மட்டுமல்ல, விவசாய இணைப்புக்கே சிக்கல் வரும். மோட்டார் கொட்டகையில் வண்டியை மாட்டிவிட்டு வயல் வேலை பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

புயலையும் இந்த மாவட்டத்துக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே வண்டி பேட்டரி வண்டியாக இருந்தால் அத்தகைய நாட்களில் மருத்துவமனைக்குப் போவதற்குக்கூட வழியில்லை. பழைய பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டுப் பேட்டரி வண்டி வாங்குவதைவிட, அதை வைத்துக்கொண்டு வாங்குவது இந்தக் கரையோரத்துக்குப் புத்திசாலித்தனம்.

பணமும் பழுதும்

ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 200 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 20,000 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சாரம் ஏறத்தாழ 345 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 2,400 ரூபாய். மிச்சம் ஆண்டுக்கு 17,000 ரூபாய்க்கு மேல். ஆனால் நாளுக்கு 10 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிறவருக்கு மிச்சம் 6,000 ரூபாயைத் தொடுவதே கடினம். அவர் ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஸ்கூட்டரைத் தவணையில் வாங்கினால் வட்டியிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும். குறைவாக ஓடுகிறவர் சைக்கிளுக்கோ சிறிய பேட்டரி ஸ்கூட்டருக்கோ போவதே கணக்குக்குச் சரி.

பக்கத்து வீட்டுக்காரர் 2022இல் வாங்கிய விலையை இன்று எதிர்பார்க்கக் கூடாது. 2021 ஜூனில் மத்திய அரசு பேட்டரியின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 15,000 ரூபாய் மானியம் கொடுத்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆனது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 5,000 ஆக இருந்து, அடுத்த ஆண்டில் 2,500 ஆகச் சுருங்கியது. தமிழ்நாட்டு அரசு மின் வாகனங்களுக்குத் தந்த சாலை வரி விலக்கு வாங்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எக்ஸ்எல்லுக்குத் தெருவுக்குத் தெரு பட்டறை உண்டு. பேட்டரி வண்டியில் பிரேக், டயர், சஸ்பென்ஷன் வரைக்கும்தான் அந்தப் பட்டறை. மின்னணுப் பகுதி பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு வழியில்லை. அது பட்டுக்கோட்டையிலேயே இருக்கிறதா, தஞ்சாவூரில் மட்டும்தானா என்பது பேட்டரி அளவைவிடப் பெரிய கேள்வி. தஞ்சாவூர் என்றால் நின்றுபோன வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்பும் வாடகை ஒவ்வொரு தடவையும் கைக்காசு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த சென்டருக்கு நேரே போய், எத்தனை வண்டி பழுதாகிக் காத்துநிற்கிறது, உதிரி பாகம் வர எத்தனை நாள் ஆகிறது என்று அங்கே வந்திருக்கும் வண்டிக்காரர்களிடம் விசாரிக்கலாம். விற்பனையாளர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது நம்பகமானது.

உத்தரவாத அட்டையில் பேட்டரிக்குப் பொதுவாக 3 ஆண்டு அல்லது 50,000 கிலோமீட்டர் என்று இருக்கும். கூடுதல் பணம் கட்டினால் 8 ஆண்டு, 80,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கும் கம்பெனிகளும் உண்டு. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 70 சதவீதம் என்று எழுதியிருப்பது நல்ல உத்தரவாதம். ‘பழுதானால் மாற்றப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தேய்மானம் அதில் சேராது. வெள்ளத்தில் மூழ்கியதால் வரும் பழுதைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை என்பதால், இந்த வட்டாரத்தில் முழுக் காப்பீடு எடுத்து, அதில் வெள்ளச் சேதத்தோடு பேட்டரியும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பேட்டரி வண்டி வாங்குகிறவர் மீட்டரில் ஓடிய தூரத்தை மட்டும் நம்பக் கூடாது. முழு சார்ஜ் போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, அதிராம்பட்டினம் போய்த் திரும்பினால் 24 கிலோமீட்டர். அதில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்துக்கொண்டு, பேட்டரியின் யூனிட் அளவோடு ஒப்பிட்டால் அதன் உடல்நிலை தெரிந்துவிடும். 3 யூனிட் பேட்டரி 30 சதவீதத்துக்குள் இறங்கினால் வாங்கலாம். 40ஐத் தாண்டினால் புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேச வேண்டும். 3 யூனிட் பேட்டரிக்கு அது 50,000 ரூபாய்க்குக் குறையாது. கம்பெனி உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் பெயர் மாற்றும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.